மூன்று நிமிடத்தில் தெரிவான ஹெட்போன்

1. கடிதம்

ஸ்ரெலாவுக்கு இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்றுதான் எனக்கு ஹெட்போனைப் பற்றி ஏதாவது தெரியவந்தது. அதுவரை தெரிந்த ஆள்மாதிரிக் கதைத்துக்கொண்டு திரிந்தேன்.

கிளிநொச்சியில் ஒரு தகரக் கூரைக் கட்டடம். யாரோ எங்கேயோ பதிவுசெய்து அனுப்பும் பேச்சைக் கேட்டு, கொம்பியூட்டரில் எழுத்தாக ரைப் பண்ணிக் கொடுப்பது எங்கள் வேலை. ரைப் பண்ணுகிறவர்கள் பதினொரு பேர், எல்லாரும் பெண்கள். பிழை பார்ப்பவன் நான். ஸ்ரெலா முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸில் வருபவள். காற்று, உழவு இயந்திரம், சேவல் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற சொல்லை வலை இழுப்பதுபோல இழுத்தெடுப்பாள். புது ஹெட்போன் வந்த பிறகு அவளுடைய பக்கங்களில்தான் பிழை குவிந்தது. மூன்றாவது கடிதம் வந்தால் வேலை இல்லை.

2. தெரிவு

அந்த ஹெட்போனைத் தெரிவுசெய்தவர்களில் நானும் ஒருவன். மனேச்சர், கணக்காளர், நான். மூன்று ஆண்கள், ஏசி அறை, ஆளுக்கு மூன்று நிமிடம், ஒரு சினிமாப் பாட்டு. தெரிவுக்கு இரண்டு ஹெட்போன். காதுக்குத் துணி மெத்தை வைத்தது பாரமில்லை. ஆனால் மேளம் மெலிந்து கேட்டது. தோல் மெத்தை வைத்தது காதை இறுக்கி மூடியது. மேளம் நெஞ்சுக்குள் அடித்தது.

"இதெல்லோ சாமான்!" என்றார் மனேச்சர்.

"ஓம் சேர்" என்றேன்.

எங்களுக்கு வரும் பதிவுகளில் ஒருநாளும் மேளம் இருந்ததில்லை என்பது மூன்று பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

3. தோடு

"ஏன் பிள்ளை, ஒரு காதை வெளியாலை விட்டிட்டுக் கேக்கிறாய்?" என்று கடிதம் வந்த அன்று ஸ்ரெலாவிடம் கேட்டேன்.

"தோடு குத்துது அண்ணை. ஒரு மணித்தியாலம் இந்தக் காது, ஒரு மணித்தியாலம் அந்தக் காது."

திரும்பிப் பார்த்தேன். பதினொரு பேரும் அப்படித்தான். மற்றவர்களுக்குக் கொடுப்பது துப்புரவான பதிவுகள். ஒரு காது போதும். கெட்டிக்காரி ஸ்ரெலாவுக்குத்தான் இரண்டு காதும் தேவைப்படுகிற, இரைச்சல் நிறைந்த கரைச்சலான பதிவுகள். அதற்குப் பரிசுதான் கடிதம்.

அவளை மனேச்சரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"தோட்டைக் கழட்டி வைச்சிட்டு வேலை செய்யும்" என்றார் அவர்.

"நெடுகக் கழட்டிப் பூட்டினா ஒருநாளைக்குத் தோட்டுச் சுரை துலையும் சேர். வெறுங்காதோடை வீட்டை போனா, காசுக்கு அடைவு வைச்சிட்டியோ எண்டு ஊரே துருவித் துருவி விடுப்புக் கேக்கும்" என்றாள் ஸ்ரெலா.

4. கண்ணாடி

"மூண்டாவது கடிதத்திலை கையெழுத்து வைக்க முதல், ஒரு மணித்தியாலம் நீங்களே இந்த ஹெட்போனைப் போட்டு ரைப் அடிச்சுப் பாருங்கோ சேர்" என்றேன். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ.

தகரத்துக்குக் கீழே, ஸ்ரெலாவின் பக்கத்துக் கதிரையில் மனேச்சர் இருந்தார். பத்தாவது நிமிடம் தோல் மெத்தைக்குள்ளிருந்து வியர்வை இறங்கியது. இருபதாவது நிமிடம் மூக்குக்கண்ணாடித் தண்டு காதடியில் புதைந்தது. மெல்ல ஒரு காதை வெளியே விட்டார்.

ஸ்ரெலா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு வேலை செய்யுங்கோவன் சேர்."

கீபோர்ட் சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றது. மனேச்சர் கண்ணாடியைக் கழற்றினார். திரை தெரியவில்லை. திரும்பப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது கடிதம் வரவில்லை. துணி மெத்தை ஹெட்போன்கள் வந்தன, மனேச்சரின் நீண்ட ஆய்வின் பேரில் என்ற குறிப்போடு.

ஆகவே, ஹெட்போன் வாங்கப் போகிறவர்களே, கடைக்காரன் போடும் பாட்டை நம்பாதேங்கோ. நீங்கள் கேட்கப்போகிற பதிவையே கொண்டுபோங்கோ. தோடு, கண்ணாடி, கொண்டை எல்லாவற்றோடும் போட்டு, உங்கள் வெக்கையில் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கோ.

புது ஹெட்போனில் ஸ்ரெலா அடித்த முதல் பக்கத்தில் ஒரேயொரு பிழையைச் சுழித்தேன். அவள் பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டினாள். அவள் எழுதியதுதான் சரி, பிழையாகக் கேட்டது என் காது. மேளத்துக்கு ஆசைப்பட்டு, நான் இன்னும் தோல் மெத்தை ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தேன்.