பவானியில் கொடுத்த லைன் கிளியர்

பவானிக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ஈரோட்டில் இறங்கி பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். ஆனால் பீளமேட்டில் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஈரோட்டிலிருந்து பவானி வழியாக அந்தியூர் வரைக்கும் ரயில் ஓடுகிறது. ஹால் முழுக்கச் சுற்றி வரும் மேசையின் மேல் தண்டவாளம். இன்ஜின் உள்ளங்கையில் அடங்கிவிடும். பொம்மை ரயில் என்று சொன்னால் டாக்டருக்குப் பிடிக்காது.

நான் பக்கத்து ஏரியாவான கணபதியில் பட்டறை வைத்து மோட்டார் காயில் கட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டாக்டர் ஒரு நாள் தன் இன்ஜினைக் கொண்டுவந்து, மோட்டார் கருகிவிட்டது, பார்க்க முடியுமா என்று கேட்டார். தலைமுடியை விட மெல்லிய கம்பி. லென்ஸ் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அது ஓடுவதைப் பார்க்க வரச் சொன்னார். போனேன். அதற்குப் பிறகு ஒரு மாதமும் விடவில்லை.

பத்துப் பேர் வருவார்கள். எல்லாரும் படித்தவர்கள். நான் பெரும்பாலும் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயர் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. கோட்டைமேட்டில் பூட்டுச் சாவிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர்தான் குனிந்து பார்த்து, "என்ன மோட்டார்காரரே, அங்கயே குடியிருக்கப் போறீங்களா?" என்று கேட்பார். தண்டவாளம் பிரிகிற இடத்தில் வண்டியைத் திருப்பிவிடுவது பாயிண்ட். எங்கள் மேசையில் இருக்கும் இருபத்திரண்டு பாயிண்ட்டும், அவற்றைத் திருப்பும் குட்டி மோட்டாரோடு, அவர் கையால் செய்தவை. "என்ற பாயிண்ட்டு இதுவரைக்கும் ஒரு வண்டியக் கவுத்துனது இல்லீங்க" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது போனிலும் சொல்லிவிடுவார்.

எங்கள் ரயில் சும்மா சுற்றி வருவது இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் ஆள் உட்காருவார். ஒற்றை வழிப் பாதை. அடுத்த ஸ்டேஷன்காரர், தன் பக்கம் வழி காலியாக இருக்கிறது என்று போனில் லைன் கிளியர் கொடுத்தால்தான் இந்தப் பக்கம் வண்டியை விடலாம். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜை இடித்தபோது வாங்கி வந்த இன்டர்காம் போன்கள் அதற்காகவே இருக்கின்றன. விபத்து நடந்துவிட்டால், யார் ஸ்டேஷனில் நடந்ததோ அவர் காரணத்தைத் தன் கைப்பட நோட்டில் எழுதி, டீ குடித்த பிறகு எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். வாசித்து முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. அடுத்த மாதமும் அதே ஸ்டேஷனில் அவரேதான் உட்கார வேண்டும்.

ஓர் ஆடி மாதம் பவானி ஸ்டேஷன்காரர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். "இன்னிக்கு பவானிய நீங்க பாத்துக்குங்க" என்றார் டாக்டர். எனக்கு வராது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "செரிங்க" என்று வந்தது.

பட்டறையிலும் நான் அப்படித்தான். மூன்று நாள் வேலையை ஒருவர் நாளைக்கே கேட்டால் செரிங்க என்பேன். மறுநாள் அவர் வந்து வெறுங்கையோடு திரும்புவார். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லாமல் இருப்பது மரியாதை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு டாக்டர் ஒரு புது வண்டி கொண்டுவந்திருந்தார். அந்தியூர் குதிரைச் சந்தை ஸ்பெஷல். ஆறு திறந்த பெட்டிகளில் பதினெட்டுக் குதிரைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. பல்லுக்குச் சிமென்ட் வைக்கிற கருவியால் ஒரு வருஷமாகச் செய்தது என்றார். பிடரி மயிர்கூடத் தெரிந்தது.

அவர் ஈரோட்டில் உட்கார்ந்தார். பாய் அந்தியூரில். பாய் அனுப்பிய ஜமக்காளம் ஏற்றிய கூட்ஸ் வண்டி என் ஸ்டேஷன் மெயின் லைனில் வந்து நின்றது. அதைப் பக்கத்து லைனுக்குள் தள்ள வேண்டும். மெதுவாகத்தான் நகர்த்த முடியும். அந்த நேரம் போன் அடித்தது.

"ஏனுங்க பவானி, ஸ்பெஷலுக்கு லைன் கிளியர் குடுங்க. குதிரையெல்லாம் காத்துக்கிட்டு நிக்குது."

கூட்ஸ் என் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. வண்டி வந்து சேர்வதற்குள் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். "லைன் கிளியருங்க" என்றேன்.

தள்ள முடியவில்லை. பாதி கூட்ஸ் மெயின் லைனில் இருக்கும்போதே ஸ்பெஷல் வளைவு திரும்பி வந்து மோதியது. இரண்டு பெட்டிகள் மேசையை விட்டுத் தரையில் விழுந்தன. குதிரைகள் ஹால் முழுக்கச் சிதறின.

டாக்டர் மண்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவர் மனைவி டீத்தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க, குதிரைக்குக் காலு ஒடஞ்சா பல் டாக்டரு என்ன பண்றது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. நேராக வந்து பவானி பாயிண்ட்டைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். "திரும்பலையா? பாதியில நின்னுபோச்சா?" என்று கேட்டார். நான் கூட்ஸ் பெட்டியை நிமிர்த்துவதுபோல் குனிந்துகொண்டேன். "ஒண்ணு போச்சுன்னா எல்லாத்தையும் பாத்துப்போடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த பாயிண்ட்டுக்கு நகர்ந்தார்.

டாக்டர் நோட்டை என் முன்னால் வைத்தார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார். "பாயிண்ட் மோட்டார் மாட்டிக்கிச்சுன்னு எழுதிப்போடுங்க. மோட்டாரப் பத்தி நீங்க சொன்னா யாரு மறுக்கப் போறாங்க?"

உதவிக்காகத்தான் சொன்னார். அப்படி எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. மோட்டார் விஷயத்தில் என் பேச்சை அங்கே எல்லாரும் நம்பினார்கள். படிக்காதவனுக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே இடம் அது. அதை வைத்து பாயின் கைவேலையின் மேல் பொய் சொல்லிவிட்டால், அடுத்த மாதம் அந்த மேசைக்கு அடியில் எப்படிப் போய்ப் படுப்பது? உண்மையை எழுதினாலும், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? பாய் மூன்றாவது பாயிண்ட்டின் திருகைக் கழற்றும் சத்தம் கேட்டது.

பட்டறையில் பில்லைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. நான்கு வரி எழுத டீ ஆறிப்போனது. எழுந்து நின்று வாசித்தேன்.

"கூட்ஸ் வண்டி நின்றது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் லைன் கிளியர் கொடுத்தேன். டாக்டரிடம் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பாயிண்ட்டில் பழுது இல்லை."

டாக்டர், "என்றகிட்ட இல்லைன்னு சொல்றதுக்குக் கூச்சமா? எங்கூட்டுல இவங்க தெனமும் சொல்றாங்களே" என்று மனைவியைக் காட்டினார்.

பாய் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்தார். "மூணு பாயிண்ட்டு கழட்டற வரைக்கும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தீங்களே, மோட்டார்காரரே. வந்து மாட்டிக் குடுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம்.

அடுத்த மாதம் விதிப்படி பவானியில் நான்தான் உட்கார்ந்தேன். கட்டுப்போட்ட குதிரைகளோடு ஸ்பெஷல் ஈரோட்டில் தயாராக நின்றது. என் பக்கம் கூட்ஸின் கடைசி இரண்டு பெட்டிகள் இன்னும் மெயின் லைனில் இருந்தன. போன் அடித்தது.

"லைன் கிளியர் குடுங்க."

"இல்லீங்க."

ஹாலுக்கு எதிர்மூலையில் டாக்டர் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்ப்பது தெரிந்தது. செரிங்க என்று நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"எவ்வளவு நேரமாகுங்க?"

"தெரியாதுங்க. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, கூட்ஸை மெதுவாக நகர்த்த ஆரம்பித்தேன்.