முஹ்ஸினாவுக்கு என்ன கொடுப்பது

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைமடுவத்தில் லூசியா ஆயாவாக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. தகரக் கூரை போட்ட நீளமான அறை. குறுக்கே ஓடிய உத்தரங்களில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது அழத் தொடங்கும். லூசியாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மழையில் நனையாத வேலை என்று மற்றவர்களிடம் சொல்வாள். உண்மையில் அவளுக்குக் குழந்தைகளைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அவளுடைய சிநேகிதி முஹ்ஸினா பதுளைக் கடைவீதியில் இருந்தாள். முஹ்ஸினாவின் கணவர் றவூப் அங்கே ஜவுளியும் ஃபேன்சிச் சாமான்களும் விற்றார். கடைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டு பெண்களும் பதுளை ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் பிள்ளை பெற்றவர்கள். முஹ்ஸினாவுக்கு அது தலைப்பிள்ளை. பால் குடிக்கத் தெரியாமல் அது கத்த, அவளும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தாள். லூசியாவுக்கு அது இரண்டாவது. தன் பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு எழுந்து போய், முஹ்ஸினாவின் பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். "இப்படிச் சாச்சுப் புடிங்கம்மா" என்று அவள் சொன்னதற்கு, பால் குடிக்கத் தொடங்கிய பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "என்னய அம்மாண்டு கூப்பிட்டா நான் பேசமாட்டன்" என்றாள் முஹ்ஸினா. அன்றிலிருந்து லூசியா அவளைப் 'புள்ள' என்றாள். அவள் இவளை 'லூசி' என்றாள்.

அதற்குப் பிறகு லூசியா பதுளைக்குப் போகும்போதெல்லாம் பின்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் நுழைவாள். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார்கள். முஹ்ஸினா வெளியே அதிகம் போகிறவள் அல்ல. ஊர்ச் செய்தியெல்லாம் லூசியாவின் வாயால்தான் அவளுக்கு வரும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் றவூப் மொனராகலையில் பெரிய கடையொன்றை எடுத்தார். குடும்பமே அங்கே போவதாக முடிவாயிற்று.

"வீடு பெருசாம். பின்னால உசந்த மதிலாம். உள்ளுக்கு ஒரு மாமரமும் ஈக்குதாம்" என்றாள் முஹ்ஸினா. "ஆனா நீ இப்புடி வந்து போக ஏலாதே, லூசி."

"பஸ்ஸு இருக்குல்ல" என்றாள் லூசியா. சொல்லிவிட்டாளே தவிர, வீடு வந்து சேரும்வரை மனது சரியாக இல்லை. போகிறவளுக்கு நல்லதாக ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று அப்போதுதான் நினைத்தாள்.

என்ன கொடுப்பது? அது லேசான கேள்வியாக இருக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்த காலம். நைலோன் சேலை, சுடுநீர்ப் போத்தல், பிளாஸ்டிக் பூ என்று பதுளையில் கண்ணில் பட்டதெல்லாம் றவூப்பின் கடையிலும் இருந்தது. கடைக்காரர் வீட்டுக்குக் கடைச் சாமானை எப்படிக் கொண்டுபோவது?

"தேயிலத் தூள் குடு" என்றான் அவள் கணவன் மத்தேயு. "அந்த வெயில் ஊர்ல நல்ல தூளு கெடைக்காது."

"அது எப்பவும் குடுக்கிறதுதானே. போற அன்னைக்கும் அதையே குடுக்கவா?"

கடைசியில் பண்டாரவளையில் ஒரு கடையில், ரோஜாப்பூ போட்ட பீங்கான் கோப்பைகளும் சாசர்களும் கொண்ட செட் ஒன்றை வாங்கினாள். றவூப்பின் கடையில் பீங்கான் கிடையாது. நல்ல சாமான் என்று மத்தேயுவும் ஒத்துக்கொண்டான். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் பதுளைக்குப் போன நாளில், முஹ்ஸினா வைக்கோலைப் பரப்பிக் கோப்பைகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் கோப்பை. பச்சைக் கோடு போட்டது, தங்க விளிம்பு வைத்தது, கலியாணத்துக்கு வந்தது, பெருநாளுக்கு வந்தது.

"பாரு லூசி, இவ்வளவையும் யாரு குடிச்சி முடிக்கிற? இன்னும் ஒருத்தர் கோப்ப கொண்டுவந்தா நான் மொனராகலைக்கே போகமாட்டன்."

லூசியா பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினாள். அவளோடு உட்கார்ந்து கோப்பைகளைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று மாலையே மத்தேயு ரோஜாப்பூக் கோப்பையில் தேநீர் குடித்தான். "டீ நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த நாள் பிள்ளைமடுவத்தில் ஒரு தொட்டிலின் முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, முஹ்ஸினா ஒரு தடவை அங்கே வந்தது அவள் நினைவுக்கு வந்தது.

இரண்டு கிறிஸ்மஸுக்கு முன்னால் றவூப் குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்திருந்தார். ஆண்கள் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, லூசியா முஹ்ஸினாவைப் பிள்ளைமடுவம் பார்க்க அழைத்துவந்தாள். லீவு நாள், தொட்டில்கள் காலியாகக் கிடந்தன. முஹ்ஸினா ஒன்றை இழுத்துப் பார்த்து, "இது என்னயத் தாங்குமா?" என்று கேட்டாள். தாங்கும் என்றதும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதலில் காலைத் தரையில் ஊன்றி மெதுவாக ஆடினாள். பிறகு காலை எடுத்துவிட்டாள். முக்காடு தோளில் விழுந்தது. உத்தரம் கிறீச்சிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பழகியும் அப்படி ஒரு சிரிப்பை லூசியா கேட்டதில்லை. வெளியே றவூப்பின் குரல் கேட்டதும் இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "யாருட்டயும் சொல்லாத" என்றாள், இன்னும் மூச்சு வாங்கியபடி.

முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு லூசியா நின்றாள். உயர்ந்த மதில், உள்ளே ஒரு மாமரம்.

அன்று மாலை ஃபெக்டரியில் தச்சுவேலை செய்யும் தேவதாசனைப் போய்ப் பார்த்தாள். "அண்ணே, ஒரு ஊஞ்சப் பலகை வேணும். பலா மரத்துல."

"யாருக்கு?"

"ஒரு பிள்ளைக்கு."

"எத்தன வயசுப் பிள்ள?"

பொய் சொன்னால் பலகை சின்னதாகிவிடும். "முப்பது இருக்கும்ண்ணே."

தேவதாசன் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு எடுத்த பலகையை வைத்துவிட்டு அகலமான இன்னொன்றை எடுத்தார். நான்கு மூலையிலும் துளை போட்டு, ஓரமெல்லாம் சீவி, சேலை மாட்டாதபடி உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்தார். கயிற்றை லூசியா தானே தேர்ந்தெடுத்தாள். நைலோன் கையை அறுக்கும் என்று தென்னந்தும்புக் கயிறு வாங்கினாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு உத்தரத்தில் கட்டி, மத்தேயுவை உட்காரச் சொன்னாள்.

"இத வச்சுக்கிட்டு அந்தம்மா என்ன பண்ணுவாங்க? முதலாளி வீட்டுப் பொம்பள. சிரிக்கமாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். நீ காலத் தூக்கி ஆடு."

றவூப் வீட்டார் சாமான் ஏற்றிய நாளில், சாக்கில் சுற்றிய பலகையோடு அவள் பதுளைக்குப் போனாள். தனியாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். நடக்கவில்லை. முஹ்ஸினாவின் மாமி, றவூப்பின் தாய் ஸித்தி ஸுபைதா லொறிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மகள் அது?"

சாக்கை அவிழ்க்க வேண்டியதாயிற்று. றவூப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லூசியாவுக்குக் காது சூடாகியது. "பிள்ளைங்களுக்கு முதலாளி" என்றாள்.

முஹ்ஸினா பலகையின் அகலத்தைக் கையால் தடவினாள். ஒரு பிள்ளைக்கு அவ்வளவு அகலம் வேண்டாம் என்பது அவளுக்குத் தெரியும். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. பலகையைச் சாமான்களோடு போட விடாமல், லொறியின் முன்பக்கத்தில் தான் உட்காரும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

பிறகு பல மாதம் செய்தி இல்லை. லூசியா அவ்வப்போது தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு சேலை கொடுத்திருந்தால் கட்டியாவது இருப்பாள்; பலகை எங்கே எந்தக் கதவுக்கு முட்டாக நிற்கிறதோ.

பள்ளிக்கூட விடுமுறையில் அவள் மொனராகலைக்குப் பஸ் ஏறினாள். பசறை வளைவுகளில் தலை சுற்றியது. கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. வீட்டைக் கண்டுபிடித்து வழக்கம்போலப் பின்வாசலைத் தேடிப் போனாள். மதிலில் இருந்த சின்னக் கதவைத் தள்ளினால், மாமரத்தடியில் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார் ஸித்தி ஸுபைதா.

"வாங்க மகள். பிள்ளையளுக்கிண்டு குடுத்தீங்க. பிள்ளையள் பைசிக்கள் கேக்குதுகள். நாற்காலியில இருந்தா முழங்கால் பிடிக்குது. இதுல காலத் தொங்கப்போட்டா சொகமா ஈக்குது."

லூசியா சிரித்தாலும் உள்ளே கொஞ்சம் வாடிப்போனாள். சாப்பிட்டு முடித்து அடுப்படியில் இருவரும் தனித்திருந்தபோது கேட்டாள்.

"அப்ப உனக்குக் கெடைக்கிறதே இல்லையா, புள்ள?"

முஹ்ஸினா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பகல் லுஹர் தொழுதுட்டு மாமி உறங்குவாங்க. அவர் கடையில. பிள்ளையள் இஸ்கூல்ல. அந்த நேரம் முழுக்க எனக்குத்தான். ஒவ்வொரு நாளும், லூசி. மழ பேஞ்ச நாள் மட்டும் இல்ல."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல்ல. ஆனா போன மாசம் கயிறு நைஞ்சி போச்சிண்டு அவரே புதுசு உசத்திக் கட்டினாரு. கட்டக்குள்ள மாமிக்கு எட்டாதேண்டு நான் சொன்னன். 'உம்மாவுக்கு ஒரு முக்காலி போட்டுக் குடுப்பம், பதிவாக் கட்டினா உன்ட கால் இழுபடுந்தானே' எண்டாரு." சொல்லும்போதே முஹ்ஸினாவின் முகம் சிவந்தது.

லூசியா இரண்டு நாள் தங்கினாள். வெக்கையில் உறக்கம் வரவில்லை, நுளம்புக் கடி வேறு. ஆனாலும் நன்றாகச் சாப்பிட்டாள், நிறையப் பேசினாள். கிளம்பும் நாளில் றவூப் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். நோன்புக்கு முன்னால் ஒருதரம் வந்து போக வேண்டும் என்று ஸித்தி ஸுபைதா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மடியில் ஒரு பை நிறைய மாங்காய். பசறை தாண்டியதும் குளிர்காற்று உள்ளே வந்தது. பக்கத்து இருக்கைக்காரி ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். லூசியா சாத்திவிட்டு, ஒரு மாங்காயை எடுத்து அவளுக்கும் கொடுத்தாள்.