அத்தையின் அறைக்கு வாடகை

அண்ணன் அத்தையிடம் பொய் சொன்னான். "ரெண்டு மாசம் மராமத்து வேலைங்கத்தை, முடிஞ்சதும் நம்மூட்டுக்கே வந்தரலாம்" என்று சொல்லித்தான் சேலத்தில் என்னிடம் கொண்டுவந்து விட்டான். நேற்று ஊர் வீட்டுக்குப் போனேன். மூன்று போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட வரைபடமே தயார். அத்தையின் அறை பாத்ரூமாகிறது.

"அது சும்மா கெடந்த ரூமுதானுங்க" என்றான் அண்ணன், வரைபடம் போட்ட இன்ஜினியரிடம். அவர் அந்தக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தார். அந்தக் கிறீச் சத்தத்தில் எனக்கு மறுபடி ஏழு வயதாகிவிட்டது.

அத்தை, அப்பாவின் தங்கை. இளம் வயதிலேயே புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியவர். விசேஷம் என்றால், வருகிறவர்கள் தன் முகத்தில் விழிக்கக்கூடாதென்று தானே உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வார். என் காதுகுத்தன்றும் அப்படித்தான். காது வலியோடு மூடிய கதவில் சாய்ந்து அழுதேன்.

"அழுவாத சாமி. எல்லாரும் போயிட்டாங்களா?"

"இல்லீங்கத்தை. சாப்புடறாங்க."

"அப்ப நீயும் போயிச் சாப்புடு. நான் அப்பறமா வாரேன்."

பந்தி முடிந்த பிறகு பாத்திரம் கழுவத்தான் வந்தார். ஆறிய சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்றார்.

நேற்று நான் திரும்பியதும், "வேலை முடிஞ்சுதா சாமி? எப்பப் போலாம்?" என்று கேட்டார். இன்று அண்ணனுக்கு எழுதுகிறேன்:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளிகள் அத்தனை பேரும் வருகிறார்கள். அத்தையையும் கூட்டிவருகிறேன். எல்லோர் முன்னாலும் அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல்: அந்த மூன்று போர்ஷனில் அவருக்கு எது?