நல்வரவு எழுதிய ஞாயிற்றுக்கிழமை

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் சேவை செய்ய வரும் வெளிநாட்டுத் தொண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். பி.காம் முடித்த கையோடு கிடைத்தது. வந்து இறங்குபவர்களுக்கு வீடு பிடிக்க வேண்டும், பஸ் நம்பர் சொல்லித்தர வேண்டும், வெள்ளிக்கிழமை சாயந்தரம் மொட்டைமாடியில் உட்காரவைத்துப் பண்பாட்டு வகுப்பு எடுக்க வேண்டும். முதல் இரண்டும் நாய் வேலை. மூன்றாவதில் நான் ராஜா.

வீடு மந்தைவெளியில். கீழே நான்கு தொண்டர்கள், மேலே வீட்டுக்கார மாமாவும் மாமியும், இரண்டுக்கும் ஒரே வாசல். அந்த வீடு கிடைக்க கோபாலபுரத்திலிருந்து அடையாறு வரை சைக்கிள் மிதித்திருக்கிறேன். வெள்ளைக்காரி என்று கதவைச் சாத்தினவர்கள் பாதி, கறுப்பு ஆள் ஒருத்தர் இருக்கிறாராமே என்று சாத்தினவர்கள் மீதி. இந்த மாமா மட்டும்தான் அடுப்பில் முட்டைகூட ஏறக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தார். பதினோரு மாத ஒப்பந்தம். அது முடிகிற வாரத்தில் போய், புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். "திங்கக்கிழமை வாடா, யோசிச்சு சொல்றேன்" என்றார். மாட்டேன் என்றால் நாலு பேரும் பெட்டியோடு நடுத்தெருவில்.

ஆனால் வெள்ளிக்கிழமைகள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. நால்வரில் கென்யாக்காரர் மக்காச்சோள மாவில் கெட்டியாக ஒன்று கிளறிக் கொண்டுவருவார். மாமி ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்து, "நம்மாத்துக் களிதானே இது? உப்பு மறந்துட்டேளே" என்றார்.

"மறக்கல மாமி. எங்க ஊர்ல உப்பு போட மாட்டாங்கோ" என்றார் அவர். அவருக்குத் தமிழ் கற்றுத்தந்தது நான் இல்லை, தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு.

டென்மார்க் பெண் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு காகிதத்தைப் பின்னி இதய வடிவில் சின்னப் பை செய்வாள். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுவார்களாம். மாமி அதைக் கற்றுக்கொண்டு, பதிலுக்கு அவளுக்குக் கோலம் சொல்லிக்கொடுத்தார். மாடி கிரில் கதவில் அந்தப் பை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

அவள்தான் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டாள், ஒரு வீட்டு வாசலில் கோலம் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று. நான் சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின் தெருவில் வளர்ந்தவன். எங்கள் வாசலில் கோலம் என்பது கிறிஸ்துமஸுக்கும் புதுவருஷத்துக்கும்தான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வீட்டுக்கார அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் போட்டுக் கொடுப்பார்கள் என்று அடித்துவிட்டேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மாமா சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எஸ்டிடி பூத்திலிருந்து கென்யாக்காரர்.

"நைனா, ஒடனே வா. மாமா வாசல்ல நின்னுகினு கீறாரு. எதுவும் பேச மாட்றாரு."

சைக்கிளில் பறந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கோலம். எட்டு இதழ்த் தாமரை, நடுவில் மஞ்சள், ஓரமெல்லாம் ரோஸ். கீழே தட்டுத்தடுமாறி எழுதிய தமிழில் 'நல்வரவு'. பக்கத்தில் கையெல்லாம் கலர் பொடியோடு டென்மார்க் பெண். எதிரே ஈர வேட்டியோடு மாமா.

மாடியிலிருந்து மாமிதான் பேசினார். "இன்னிக்கு மாமாவோட அப்பாவுக்கு திவசம்டா. அது முடியறவரைக்கும் வாசல்ல கோலமே போடப்படாது. இதுல நல்வரவு வேற. பத்து மணிக்கு திவசம் பண்ணிவைக்க வாத்தியார் வந்துடுவார்."

"இவளுக்கு யார் இப்படிச் சொல்லிக் குடுத்தா?" என்றார் மாமா.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். நான் சொன்னதை எழுதின நோட்டு அவள் கையிலேயே இருந்தது.

"நான்தான் மாமா. தெரியாம சொல்ட்டேன்."

மாமா திரும்பி மாடி ஏறிவிட்டார். திங்கட்கிழமை பதில் அதிலேயே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நாலு தொண்டர்களும் நானும் வாளி வாளியாக ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தோம். வெள்ளை போனது, மஞ்சள் போனது, ரோஸ் மட்டும் சிமெண்டைப் பிடித்துக்கொண்டது. வாத்தியார் மொபெட்டில் வந்து இறங்கினார். தெருவில் ஓடும் ரோஸ் தண்ணீரைப் பார்த்தார், வாளியோடு நிற்கும் கென்யாக்காரரைப் பார்த்தார். "என்ன, ஹோலி முடிஞ்சுடுத்தா?" என்று கேட்டுவிட்டு மாடி ஏறினார்.

அன்றைக்கு நான் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. டென்மார்க் பெண் பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டாள் என்று மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை ஒப்பந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனேன். வெளியே எடுக்கிற உத்தேசம்கூட இல்லை. மாமி காபியோடு வந்தார்.

"ஏண்டா பேயறைஞ்சாப்பல இருக்கே? மாமா நேத்து சாயந்தரம் ஊஞ்சல்ல உக்காந்துண்டு தனியா சிரிக்கறார். என்னன்னு கேட்டேன். பித்ருக்கள் ஆத்துக்கு வர நாள்தானே, எங்கப்பாவுக்கு இத்தனை வருஷத்துல நல்வரவு எழுதிப் போட்டது இவ ஒருத்திதாண்டிங்கறார்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "தாளை எடு."

சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கையெழுத்துப் போடும் முன் பேனாவை நிறுத்தினார்.

"ஒரு கண்டிஷன்."

"முட்டைதானே மாமா? சத்தியமா ஏறாது."

"அது பழைய கண்டிஷன். இனிமே நீ கிளாஸ் எடுக்கப்படாது. எது கேக்கணும்னாலும் மாமியைக் கேக்கச் சொல்லு."

கையெழுத்தைப் போட்டுவிட்டார். கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். கென்யாக்காரர் என் முதுகில் ஒன்று வைத்தார். டென்மார்க் பெண் பெட்டியைப் பழையபடி பரண்மேல் தூக்கிப் போட்டாள். "டேய், அவளை வரச் சொல்லு, இன்னிக்கு வாசல் இன்னும் காலியா இருக்கு" என்று மாடியிலிருந்து மாமி குரல் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் மாமி பேசினார். நான் கடைசி வரிசையில் உப்பில்லாத களியைத் தின்றுகொண்டு, ஒரு புது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ரோஸ் கறை போக மூன்று மழை ஆயிற்று.