நான் எடுத்துவிட்ட பூட்டு

திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது என் வேலை. அப்பா படுத்த படுக்கையானதும், சத்தியவேட்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தே அவற்றை இயக்க வழி செய்தேன். பாஸ்வேர்டை அடிக்கடி தப்பாக அடிப்பேன் என்பதால், தவறினால் லாகின் பூட்டிக்கொள்ளும் செட்டிங்கை எடுத்துவிட்டேன்.

ஒரு காலை எந்த ஃபைலும் திறக்கவில்லை. யாரோ வெவ்வேறு பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்து, எல்லாவற்றையும் முடக்கியிருந்தார்கள். வேறு நகல் இல்லை.

சென்டருக்கு ஓடினேன். அங்கே நகரியிலிருந்து வந்த ஒரு தறிக்காரர், மனைவியின் பழைய ஸ்கேனுக்காகக் காத்திருந்தார்.

“அத்தப் பாத்தாதான் ஆபரேசன்னு டாக்டர் சொல்லிக்கினு இருக்காரும்மா. எப்போ வரும்?”

“இனிமே வராதுண்ணா.”

பூட்டை எடுத்துவிட்டது நான்தான் என்பதை மறைத்துவிட்டேன். ஆபரேஷன் தள்ளிப்போனது.

இப்போது மூன்று முறை தவறினால் லாகின் அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும். போன வாரம் நானே மாட்டிக்கொண்டேன். திறக்கும்வரை காத்திருந்தேன்; திறந்த பிறகும் அந்த செட்டிங்கை எடுக்கவில்லை.