அம்மாவுக்கு என்ன பேர்?

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். எங்கள் லயத்து வரிசையின் பன்னிரண்டு காம்பரா வீடுகளையும் கீழ் லயத்துப் பத்தையும் எண்ணிப் பார்க்கிறேன். அதற்கு மேல் படித்தவர் ஒருவரும் இல்லை. ஐம்பதுகளின் நடுவில் நான் ஐந்தை முடித்தேன். ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கேட்டுப் பார்ப்பதென்று வீட்டில் முடிவானது. இடம் கிடைக்காவிட்டால் நான் மலைக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

அம்மா அன்று வேலைக்குப் போகாமல் என்னைக் கூட்டிப் போனார். தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். அம்மாவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். கணக்குக் கேட்பார் என்று வழி நெடுக வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“தம்பி, அம்மாவுக்கு என்ன பேர்?”

“அரைப்பேருங்க சார்.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. சொன்ன றாத்தல் எடைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். சாயங்காலம் லயத்துக்குத் திரும்புகிறவர்களை “இன்னைக்கு என்ன பேரு?” என்றுதான் கேட்பார்கள். முந்தின நாள் மழையில் அம்மாவுக்குக் கொழுந்து குறைந்திருந்தது. உள்ளதைச் சொன்னேன். அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை; அதை ஒருவர் விசாரித்து நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியர் சிரித்துவிட்டார். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை.

“தாயின்ரை பேரே தெரியாத பிள்ளையை ஆறில எப்பிடி இருத்திறது? நாலில போடும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரேயொரு பின்னக் கணக்குக் கேட்டிருக்கலாம். இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

திரும்பும் வழியில் அம்மா திடீரென்று சிரித்தார். “ஏன்டா, வேலைக்கே போகாத நாள்ல எனக்கு அரைப்பேரு போட்டுட்டியே! கங்காணிகூட இப்படிப் போடமாட்டான்டா.”

அப்பாவுக்கு விஷயம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ரெண்டு வருசம் பின்னாடி போட்டுட்டாங்க. இவன் படிச்சு முடிக்கிற வரைக்கும் நம்ம ரெண்டு பேரு கூலி எப்படிப் பத்தும்?”

“அவன் போகட்டுங்க,” என்றார் அம்மா. “எப்படியோ சேத்துக்கிட்டாங்கல்ல.”

தங்கச்சி அப்போதுதான் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். என்னைவிடக் கணக்கில் கெட்டி. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம், கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மாவோடு மலைக்குப் போனாள்.

நாலாம் வகுப்பில் நான்தான் எல்லாரிலும் உயரம். முதல் சோதனையில் எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்தேன். ஓடி வந்து வீட்டில் சொன்னேன். தங்கச்சி விரல்களில் ஒட்டியிருந்த கொழுந்துக் கறையைக் கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“சின்னப் புள்ளைகளோட ஓடியா முதலாவது வந்த, அண்ணே?” என்றாள், தலை நிமிராமல்.