எரிந்த தரையில் விரித்த படுக்கை

தீப்பிடித்த மறுநாளே எங்களுக்குத் துணி வர ஆரம்பித்துவிட்டது. வேன் வேனாக வந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்தது, தூத்துக்குடியிலிருந்து வந்தது, பேர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சமுதாயக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதில் ஒரு மூலையில் துணியைக் கொட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடுகிற அளவுக்கு அது உயர்ந்துவிட்டது.

நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். ஜிப் போன பேண்ட். மேல்சட்டை இல்லாத சுடிதார் கால். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் பேட்ஜ் தைத்த யூனிபார்ம். அக்குள் கிழிந்த ஜாக்கெட். யாரோ கல்யாணத்துக்கு வாங்கி ஒருநாள் போட்டு அலுத்துப்போன, கல் பதித்த ஷெர்வானி ஒன்று. என் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனால் சொந்த ஆடே மிரண்டு ஓடும். வீடு எரிந்தவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் ஆடு மேய்க்கிறவர்கள். புதூர்ப் பக்கம், கரிசல்காட்டு நடுவே ஏழெட்டு வீடுகள் சேர்ந்த இடம். என் அண்ணனும் மதினியும் ஆடு பார்க்கிறார்கள். நான் கோவில்பட்டியில் ஒரு தையல் கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். வைகாசி கடைசியில் மேல்காற்று ஆரம்பித்த ஒரு மத்தியானம், ரோட்டோரம் காய்ந்து கிடந்த புல்லில் யார் போட்டதோ தெரியாத நெருப்பு பற்றியது. புல்லிலிருந்து சீமைக்கருவேலங்காட்டுக்கு ஏறி, காட்டிலிருந்து மக்காச்சோளத்தட்டையை அடுக்கிவைத்த படப்புக்குத் தாவி, படப்பிலிருந்து வீடுகளுக்கு வந்தது. ஆட்கள் தப்பித்துவிட்டோம். பெரிய ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் பிழைத்தன. குட்டிகளைப் பட்டியில் அடைத்திருந்தோம். மதினி பட்டியை நோக்கி ஓடினாள், நாலு பேர் சேர்ந்து அவளைப் பிடித்து இழுத்து வந்தார்கள். குட்டிகளைப் பற்றி இதற்குமேல் என்னால் எழுத முடியாது.

அன்றிலிருந்து மதினி தீக்குச்சியைத் தொடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள் அவள். பேசிக்கொண்டே, பார்க்காமலே பெட்டியில் குச்சி அடைப்பாள். அப்படிப்பட்டவள் கூடத்தில் யாராவது அடுப்புப் பற்றவைத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். யாரோடும் பேசவும் இல்லை.

அவளைப் பேச வைத்தது புரோக்கர்தான். சோலார் கம்பெனிக்காரர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற ஆள். பழகியவர்தான், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் இடத்தைச் சுற்றி இருந்த நிலத்தையெல்லாம் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார். நடுவில் நாங்கள் மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தோம். எங்களிடம் பட்டா இல்லை. என் அப்பா காலத்திலிருந்து குடியிருக்கிற புறம்போக்கு அது. மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்திருந்தோம்.

அவர் ரொட்டிப் பாக்கெட்டுகளோடு கூடத்துக்கு வந்தார். எல்லாருக்கும் கொடுத்தார். பிறகு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"இனிமே அந்தத் தரையில எப்படி இருப்பிய? பூராவும் முள்ளுத்தூரும் சாம்பலுமா கெடக்கு. ஒரு ராத்திரி படுக்க முடியுமா? ரோட்டுப் பக்கத்துல ஷெட்டு போட்டுத் தாரேன். கொஞ்ச நாளைக்கு அங்கன இருங்க. பெறகு பாத்துக்கிடலாம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். புரோக்கர் குரலை இறக்கி, "அடுத்த திங்கக்கெழமை தாலுகா ஆபீஸ்லேர்ந்து ஆர்.ஐ. பாக்க வாராரு. ஆளு இருந்தா இருக்குன்னு எழுதுவாவ, இல்லேன்னா இல்லேன்னு எழுதுவாவ. அவிய வேலை அது. நாம கோபப்பட்டு என்ன செய்ய?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். வருவாய் ஆய்வாளரான அந்த ஆர்.ஐ. வருகிற அன்று எங்கள் இடம் வெறும் கரித்தரையாகக் கிடந்தால், ஆள் குடியில்லாத புறம்போக்கு என்று எழுதிவிடுவார்கள். பிறகு நாங்கள் எந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றாலும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஷெட்டு என்றைக்கும் ஷெட்டுதான்.

மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாளுக்கும் சேர்த்து முதல் பேச்சு அப்போதுதான் வந்தது.

"படுக்க முடியாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா, அண்ணாச்சி?"

அவர் சிரித்தார். "நீ போயி படுத்துப் பாரு, தாயி."

அவர் போனதும் மதினி துணிக்குவியல் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, நீ தைக்கிறவதானே. இதை அடுக்கி வச்சுத் தச்சா முள்ளு குத்தாத அளவுக்குத் தடியா வருமா?" என்று என்னைக் கேட்டாள். வரும் என்றேன். வீட்டுக்கு ஒரு விரிப்பு, அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

துணி கொண்டுவந்த பிள்ளைகளில் ஒருத்தி நல்லவள், படித்தவள். "அக்கா, இந்த வெயில்ல மெத்தையா? உடுத்துறதுக்குத்தான அக்கா கொடுத்தோம்?" என்று கேட்டாள். உடுத்துவதற்கு எங்களுக்கு ரெண்டு சேலை போதும், கீழே போடுவதற்குத்தான் இப்போது வேண்டும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் பொறுமை இல்லை.

முதல் விரிப்பைத் தைக்கும்போது நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். குவியலில் பளபளவென்று, ஒரு கிழிசல்கூட இல்லாமல் இருந்தவை நைலான் சேலைகளும் பாலியஸ்டர் சேலைகளும்தான். நல்லதாகப் பார்த்து எடுக்கிறோம் என்று அவற்றை எடுத்து அடுக்கடுக்காக வைத்துத் தைத்தோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு போய், அண்ணன் வீடு இருந்த இடத்தில் விரித்தோம். மதினி நீட்டி நிமிர்ந்து படுத்தாள்.

கருவேல மரம் மேலே எரிந்து முடிந்தாலும் வேர் மண்ணுக்குள் நாள்கணக்காகக் கனன்றுகொண்டே இருக்கும். கரி மூட்டம் போடுகிற ஊர்க்காரர்களான எங்களுக்கு இது தெரியாததா? தெரிந்தும் மறந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. மதினி துள்ளி எழுந்தாள். விரிப்பின் நடுவில் ஓட்டை விழுந்து, உருகிய நைலான் தரையில் பாகாக ஒட்டிக்கிடந்தது. அவள் முந்தானை ஓரம் சுருண்டு போயிருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, "போதும். புள்ளகுட்டிய வச்சுக்கிட்டு இந்தச் சூட்டுல கெடக்க வேண்டாம். ஷெட்டுக்கே போயிருவோம்" என்றான். அவன் பயந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் பயந்துதான் இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மதினி கடப்பாரையோடு போய்விட்டாள். புகைகிற தூர் ஒவ்வொன்றையும் தோண்டித் தண்ணீர் ஊற்றினாள். பார்த்துக்கொண்டு நிற்க வெட்கப்பட்டு ஆண்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

தரையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், துணியை நான் பார்க்க வேண்டும், உருகாத பருத்தி மட்டும்தான் இனி விரிப்புக்கு. எது பருத்தி, எது கலப்பு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எல்லாத் துணியிலும் முடியாது. எங்கள் கம்பெனியில் சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி எரித்துப் பார்ப்போம். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். மற்றது உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். அந்த மலையிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து, நூல் உருவி, எரித்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

தீப்பெட்டியை எடுத்ததும் கூடத்துக் காவல்காரர் ஓடிவந்தார். "ஒருக்க எரிஞ்சது பத்தாதா? இங்கனயும் கொளுத்தணுமா?" என்று கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துணியையெல்லாம் தூக்கிக்கொண்டு வெளியே, வேப்பமரத்தடிக்குப் போனோம்.

காற்று விடவில்லை. நான் உரசுகிற குச்சியெல்லாம் அணைந்தது. பாதிப் பெட்டி காலியாகியும் நாலு துணி தேறவில்லை. தூர் தோண்டிவிட்டு வந்த மதினி, தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள். என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினாள்.

முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது குச்சியை உரசாமலே பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "சவத்து மூதி, ஒனக்கு நான் பயப்படணுமா?" என்றாள். என்னைச் சொல்லவில்லை, குச்சியைச் சொன்னாள். உரசினாள். உள்ளங்கையைக் குவித்துக் காற்றை மறித்துக்கொண்டாள். அது அணையாமல் எரிந்தது. நான் அவசர அவசரமாக நூல்களை நீட்டினேன்.

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. அவள் எரிப்பாள், நான் பார்ப்பேன், மற்றப் பெண்கள் இடதுபக்கம் வலதுபக்கம் என்று வீசுவார்கள். ஷெர்வானியை மட்டும் எரித்துப் பார்க்காமலே ஒதுக்கினோம். எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். தீக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அன்றுதான்.

நூலுக்குக் கோவில்பட்டி போனேன். எங்கள் கம்பெனிக்கு நூல் கொடுக்கிற முஸ்லிம் பாய் ஒருவருடைய கடைதான். என்னத்துக்கு இவ்வளவு தடி நூல் என்று கேட்டார், சொன்னேன். நூல்கண்டுகளையும் கோணி ஊசிகளையும் எடுத்து வைத்தவர், உள்ளே போய் லுங்கிக்கான சாரத்துணி வெட்டுத்துண்டுகள் ஒரு கட்டுக் கொண்டுவந்தார். "கரை வச்சுத் தைங்கம்மா. இது புதுத்துணி. எல்லாமே அடுத்தவங்க உடுத்திக் கழிச்சதா எதுக்கு இருக்கணும்?" என்றார். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். கடையிலேயே அழுதுவிட்டேன்.

மெஷினில் அவ்வளவு தடியைத் தைக்க முடியாது, ஊசி ஒடிந்துவிடும். எல்லாம் கைத்தையல்தான். சேலைகளைத் தரையில் விரித்து, மூலைக்கு மூலை கல் வைத்து, பெண்கள் நாலு பக்கமும் உட்கார்ந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவோம். யூனிபார்ம் உள்ளே போனது, அக்குள் கிழிந்த ஜாக்கெட் உள்ளே போனது. மேலே சேலை, சுற்றி பாய் கொடுத்த கட்டம்போட்ட புதுக் கரை. விரல்கள் வீங்கிவிட்டன. நடுவில் ஒருநாள் புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, "கைத்தொழில் நல்லாத்தான் இருக்கு, வித்தா காசு கெடைக்கும்" என்றார். மதினி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "படுத்துப் பாக்கச் சொன்னீயள்லா, அதுக்குத்தான் அண்ணாச்சி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இடத்துக்குத் திரும்பிப் போனோம். சாம்பலைக் கூட்டி, சாணி கரைத்துத் தெளித்தோம். சுவர் விழுந்தாலும் யார் வீடு எது என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை, அடுப்புக் கற்கள் அப்படியே கிடந்தன. அவரவர் வீட்டுத் தரை எதுவோ, சரியாக அதன்மேல் அவரவர் விரிப்பை விரித்தோம். அன்றிரவு எல்லாரும் அங்கேயே படுத்தோம். முள் குத்தவில்லை. உறக்கம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

காலையில் ஆண்கள் ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியபிறகு ஆர்.ஐ. பைக்கில் வந்தார், பின்னாலேயே புரோக்கரும் வந்தார். ஆர்.ஐ. வயசானவர், எரிச்சலான முகம். ஓரத்தில் நின்று பார்த்தார். கறுத்த பூமி நடுவில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டு வாசல் இருந்த இடத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு விரிப்பின்மேல் ஏறி நடந்தார்.

புரோக்கர்தான் முதலில் பேசினார். "சார், இங்க ஒண்ணும் இல்ல சார். நேத்து கொண்டாந்து போட்ட துணி இது. குடியிருப்புக்கு என்ன அடையாளம் இருக்கு?"

ஆர்.ஐ. எங்களைப் பார்த்தார். "அவரு சொல்லுதது சரிதானம்மா. கூரை இல்ல, சுவரு இல்ல. நான் என்னன்னு எழுத?"

இத்தனை தைத்தும் இப்படித்தான் முடியப்போகிறது என்று நினைத்தேன். மதினி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஒங்க செருப்பு எங்க, சார்?"

அவர் குனிந்து காலைப் பார்த்தார். "அந்தா, வாசல்ல கெடக்கு."

"கழட்டுங்கன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலையேம்மா."

"புறம்போக்குல யாராவது செருப்பைக் கழட்டிட்டு நடப்பாவளா, சார்? இது வீடுன்னு ஒங்க காலுக்கே தெரிஞ்சிருக்கு. அதையே எழுதுங்க."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆர்.ஐ. வெறுங்காலோடு நின்றுகொண்டு தன் செருப்பைப் பார்த்தார், பிறகு புரோக்கருடைய ஷூவைப் பார்த்தார். புரோக்கர் விரிப்பு ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு சாண் வெளியேதான் நின்றிருந்தார். அவரும் மிதித்து உள்ளே வரவில்லை.

ஆர்.ஐ. அங்கேயே சம்மணம்போட்டு உட்கார்ந்து எழுதினார். வீடுகள் தீயில் எரிந்துள்ளன, குடும்பங்கள் அதே இடத்தில் குடியிருந்து வருகின்றன என்று எழுதி, எங்களுக்கு வாசித்தும் காட்டினார். "டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்று மதினி எழுந்தாள். அடுப்புக் கல்லுக்கு நடுவில் சுள்ளியை வைத்தாள். முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. வருகிறவரைக்கும் அந்த விரிப்பை நாங்கள் சுருட்டப் போவதில்லை.